ஏலக்காட்டில் ஒரு நிமிட மௌனம்

பாட்காஸ்ட் தயாரிப்பது என் பிழைப்பு. ஆட்களைத் தேடிப் போய்ப் பேசவைத்து, பதிவுசெய்து, வெட்டி ஒட்டி அரை மணி நேரக் கதையாக்க வேண்டும். கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றிச் செய்யலாம் என்று போன ஆவணியில் கிளம்பினேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று வழி விவரத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து தேனிக்கு வாரம் மூன்று நாள் ரயில் உண்டு. காலையில் இறங்கிக் கம்பம் பஸ் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், நாற்பது ரூபாய்க்குள் டிக்கெட். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் மேகமலை கூடவே வரும். எனக்குக் கிடைத்தது ஸ்பீக்கருக்கு நேர் கீழே ஒரு சீட்டு. காதை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இப்படித்தான் அமையும். கம்பத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்குச் சுத்தமான அறை கிடைத்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஜீப் நிற்கும் இடத்தில் இருந்தேன். ஆரோக்கியம் அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். ஆசிரியையான என் தோழி வழியாகப் பழக்கமானவர். பதினெட்டு வருஷமாக ஏலக்காய் எடுக்கப் போகிறார். மகள் நர்சிங் கடைசி வருஷம்.

“இங்கன வா தாயி, நெருக்கி ஒக்காரு.”

பதினான்கு பேர் வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. காற்றுச் சத்தம் விழாமலிருக்க என் மைக்குக்கு ரோமத்தில் ஒரு உறை உண்டு. பின்னாலிருந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்து, “ஏண்டி, பூனக்குட்டிய எதுக்கு மடியில கொண்டாந்திருக்கா இவ?” என்றார். ஜீப்பே சிரித்தது. கம்பம்மெட்டுக்குப் பதின்மூன்று கிலோமீட்டர், வளைவு மேல் வளைவு. வாந்தி வருமென்றால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் போய்ச் சேர ஏழரை.

மதியம் சூப்பர்வைசர் சாப்பிடப் போன நேரத்தில், மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டே ஆரோக்கியம் அக்கா நாற்பது நிமிடம் பேசினார். முந்தின வருஷம் ஆனிக் காற்றில் மரம் முறிந்து விழுந்து, கூட வேலை பார்த்த லட்சுமி அங்கேயே இறந்துபோனதைச் சொன்னார். தோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் ஒளிக்காமல் சொன்னார். இப்படி ஒரு பதிவு வருஷத்துக்கு ஒருமுறை கிடைத்தாலே பெரிது.

பேச்சு முடிந்ததும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்வோம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைப்போம். “ஒரு நிமிஷம் எல்லாரும் மௌனமா இருக்கணும்” என்றேன்.

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் தூக்குவாளியைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று தலைகுனிந்தார்கள். ஜீப் டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஹெட்போனில் இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், ஒருவர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தபோது பாதி நிமிடம் போய்விட்டது.

“நல்ல காரியம் பண்ணுன தாயி” என்றார் அக்கா. “அன்னைக்கு அவளத் தூக்கிட்டுப் போனாக. மறுநாளே நாங்க வேலைக்கு வந்துட்டோம். அவளுக்குன்னு இங்கன ஒரு நிமிசம் நின்னதில்ல.”

நான் திருத்தவில்லை. “ஆமாக்கா” என்றேன். வெட்கமாக இருந்தது.

சென்னை திரும்பிய நான்காம் நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது. “நான் பேசுனத எடுத்துரு தாயி. தோட்டத்துல கேட்டாகன்னா எனக்கு ஜீப்புல எடம் இருக்காது. பிள்ள படிப்பு முடியட்டும்.”

“பேர மாத்திடுறேன்க்கா.”

“கொரலு தெரியுமே.”

முகத்தை மறைக்கலாம், குரலை எங்கே மறைப்பது? மாற்றினால் அது அவர் பேச்சாகவே இருக்காது. ஒப்புதல் தாளில் அவர் கையெழுத்து இருந்தது. நிகழ்ச்சியை வாங்குகிறவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு நாள் அழுதேன், கோபப்பட்டேன், பிறகு நாற்பது நிமிடத்தையும் அழித்தேன். அதை இங்கேயும் எழுதவில்லை. பெயர்கள் மாற்றியவை. லட்சுமி இறந்தது ஊரறிந்த சேதி, எழுதச் சொன்னதும் அக்காதான்.

போகிறவர்களுக்கு: வேலை ஜீப்பில் வேடிக்கை பார்க்க ஏறாதீர்கள், அது ஒருவருடைய அன்றைய இடம். கம்பம்மெட்டுக்குப் பஸ் இருக்கிறது. ஆனி, ஆடியில் காற்று பலம். கம்பத்தைச் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கக் கேட்டுவிட்டு நுழையுங்கள். மைக்கோடு போகிறவர்கள், கையெழுத்து வாங்கிய பிறகும் ஒருமுறை கேளுங்கள்.

நிகழ்ச்சியில் மிஞ்சியது என் குரலும், ஜீப் சத்தமும், அந்த ஒரு நிமிடமும்தான். வெளியிடுமுன் அக்காவை அழைத்து உண்மையைச் சொன்னேன். லட்சுமிக்காக நான் நிற்கச் சொல்லவில்லை, தொழிலுக்காக வெறும் சத்தம் வேண்டியிருந்தது, அதையும் அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

அக்கா சொன்னார்:

“நீ எதுக்குக் கேட்டா என்ன தாயி? நாங்க அவளுக்குத்தான நின்னோம். அத மட்டும் வெட்டாமப் போடு.”