ஒரே போன் நம்பரும் பிரவுசிங் சென்டர் கொடுத்த ஈடும்

எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான் இருந்தது. மளிகைக்கடை அக்கா வீட்டில். பள்ளிக்கூட விண்ணப்பமோ கேஸ் கனெக்‌ஷனோ, எதற்கும் அந்த நம்பரைத்தான் எல்லோரும் எழுதுவோம், அடுத்தவர் வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் 'பிபி' என்று போட்டு. அழைப்பு வந்தால் அக்கா கல்லாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார். பேச வேண்டியவர் ஓடிவருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும், யாருக்கு எங்கிருந்து போன் என்று.

என் தங்கை பிளஸ் டூ முடித்த வருஷம், ரிசல்ட் வந்த மறுவாரத்திலிருந்து அந்தப் போன் ஓயவில்லை. ஒருநாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட, அப்பா போய் எடுத்தார். அப்பாவுக்குப் பீங்கான் சூளையில் சரக்கு அடுக்கும் வேலை. திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"எவனோ ஒருத்தன் எம் பொண்ணு பேரச் சொல்றான். நர்சிங் காலேஜ் பாக்குதாமே, எங்க காலேஜையும் பாத்துதே, சீட்டு போட்டுத் தரட்டுமாங்கறான். இது என்ன பாக்குதுன்னு ஊர்பேர் தெரியாதவனுக்கு எப்பிடித் தெரியும்? கம்ப்யூட்டர் கடைக்குப் போனது போதும். காலேஜும் போதும்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அடுத்தது அவள். நர்சிங் என்பது அவளாகத் தேடிக் கண்டுபிடித்த படிப்பு. அப்பா பேசி முடித்த பிறகு அவள் என்னிடம் மட்டும் வந்து சொன்னாள்.

"ண்ணே, பேரும் நம்பரும் நான் பிரவுசிங் சென்டர்ல மட்டுந்தான் அடிச்சேன். வேற எங்கயும் குடுக்கல."

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த அந்த சென்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். பேரும் போன் நம்பரும் அடித்தால்தான் கம்ப்யூட்டர் திறக்கும். யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பதும் அதில் பதிவாகும். ஓனருடைய மச்சான் மெட்ராஸில் இருந்து செய்து அனுப்பியது என்று பெருமையாகச் சொல்வார்.

நான் நேரே அக்காவிடம் போனேன்.

"ஒந்தங்கச்சிக்கு மட்டுமாடா வருது? தையக்காரர் பையனுக்கு இன்ஜினியரிங். மேலண்டவூட்டுப் பொண்ணுக்கு டீச்சர் ட்ரெயினிங். எவன் எத பாத்தானோ அதுக்கே கரெக்டா வருது. பிரவுசிங் பக்கமே போவாத புள்ளைங்களுக்கு ஒரு போன் இல்ல. நானுந்தான் பாக்கறேன்."

வீட்டுக்கு வீடு போன் இருக்கும் தெருவாக இருந்தால் ஒவ்வொருவரும் தன் வீட்டோடு முணுமுணுத்திருப்பார்கள். விஷயம் வெளியே வந்திருக்காது. எல்லா அழைப்பும் ஒரே காதில் விழுந்ததால் எங்களுக்குப் புரிந்தது. போன் இல்லாததற்காக அன்றுதான் முதன்முதலில் எனக்குக் கர்வம் வந்தது.

பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சென்டருக்குப் போனோம். அக்காவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஓனருக்கு பிரவுசிங் சென்டர் இரண்டாவது தொழில்தான். முதல் தொழில் பீங்கான் பொம்மைப் பட்டறை.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் நிதானமாகவே கேட்டார். "நான் வித்தேன்னு ஆதாரம் இருக்குதா தம்பி?"

"இல்லீங்கண்ணே."

"மச்சான் வித்தான்னு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்குக் கும்பலா வந்து நிக்கறீங்க?"

பின்னால் ஒரு பையன் நழுவப் பார்த்தான். எனக்கு அவருடைய மேஜை மேல் இருந்த பொம்மையைப் பார்த்ததும்தான் சூளை வழக்கம் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் சின்னப் பட்டறைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பல பேர் சரக்கு ஒரே சூளைக்குள் போகும். உள்ளே சாய்ந்து உடைந்தால் அடுக்கினவன் தப்பா, மண்ணு தப்பா, நெருப்பு தப்பா என்று யாரும் விசாரிப்பதில்லை. சரக்கு உடைந்தவருக்கு ஈடாக, அடுத்த முறை சூளை மூட்டும்போது காசு வாங்காமல் இடம் கொடுத்துவிடுவார்கள்.

"சூளையில ஒங்க பொம்மை ஒடஞ்சா ஆதாரம் கேட்டுட்டாண்ணே இடம் குடுக்கறாங்க? உள்ள போனதுக்குச் சூளைதான பொறுப்பு? எங்க பேரும் நம்பரும் ஒங்க கடைக்குள்ளதான போச்சு?"

அக்காவும் விடவில்லை.

"போன மாசம் ஒன் புள்ளையாருங்கல்லாம் தும்பிக்கை ஒடஞ்சி வந்தப்ப நீ போட்ட சத்தம் என் கட வரைக்கும் கேட்டுது. அப்ப ஆதாரம் வெச்சிருந்தியா?"

நழுவப் பார்த்த பையன்தான் முதலில் சிரித்தான். ஓனரும் அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

"சரி, காசு கேக்கறீங்களா?"

"காசு வேணாங்கண்ணே. கவுன்சிலிங் முடியற வரைக்கும் பேரு குடுத்தவங்க எல்லாரும் காசு குடுக்காம பிரவுசிங் பாக்கணும். அந்த சாஃப்ட்வேர இப்பவே எங்க எதிர்லயே எடுத்துரணும்."

அவர் மச்சானுக்குப் போன் போட்டு, எப்படி எடுப்பது என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டராக எடுத்தார். கடைசி கம்ப்யூட்டர் முடிகிற வரைக்கும் நாங்கள் ஒருவரும் நகரவில்லை.

"எனக்கு என்னாய்யா ஈடு? போன் எடுத்து எடுத்துக் கை வலிச்சவ நாந்தான்" என்றார் அக்கா. குவைத்தில் இருந்த அக்காவின் மகன் சென்டர் ஈமெயிலுக்கு அனுப்பியிருந்த போட்டோவை ஓனரே திறந்து காட்டினார். "எளச்சிப் போயிட்டான்" என்று அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் அந்தக் கல்லூரி ஆட்களின் அழைப்புகள் சில வந்தன. வெளியே போன பெயரைத் திருப்பி வாங்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அக்கா எடுத்து, அவர்கள் இரண்டாவது தடவை கூப்பிடாத மாதிரி பதில் சொல்லி வைத்தார். ஆதாரம் இல்லாத ஒரு விஷயத்துக்கு, சண்டை போடாமல், எங்கள் ஊர் முறையிலேயே ஈடு வாங்கினோம் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். தங்கை கதவோரம் நின்றாள்.

"வித்தேன்னு ஒத்துக்கிட்டாரா?" என்றார் அப்பா.

"ஒத்துக்கலப்பா. ஈடு குடுக்கறதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாரு."

"சூளையிலயும் எவன் ஒத்துக்கிட்டான்?" அப்பாவின் மீசைக்குக் கீழே சிரிப்பு தெரிந்தது. தங்கையைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்குப் போயி அந்த நர்சிங் காலேஜ் சமாச்சாரத்தப் பாக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ எங்கடா போற?"

"தங்கச்சி கூடப்பா."

"எதுக்கு? ஈடு அது பேருக்குத்தான குடுத்திருக்காரு. அதுவே போயிட்டு வரட்டும்."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் சைக்கிளைத் தெருவில் இறக்கியிருந்தாள்.