மலையிலிருந்து தெரிந்த வீடு

குன்னத்தில் எங்கள் மாடியில் நின்றால், வானம் தெளிந்த நாளில் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அப்பால் பச்சைமலை நீலக் கோடாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அங்கே போகலாம் என்றாள் மனைவி. எனக்கோ பஸ் மாறிப் போகச் சோம்பல்.

"நான் போயிருக்கேன். வெறும் பாறைதான். உச்சியிலேர்ந்து நம்ம வூடு தெரியும், அவ்வளவுதான்" என்றேன்.

நான் போனதே இல்லை. நான் புவியியல் வாத்தியார் என்பதால் நம்பிவிட்டாள் என்று நாற்பது வருடம் நினைத்திருந்தேன்.

போன மாதம் மகள் எங்களைக் காரில் அந்தப் பச்சைமலைமேல் இருக்கும் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். வெயில் தரையில் விழாத காடு.

"பாறை எங்கங்க?" என்றாள் மனைவி.

"மரம் வளந்து மறைச்சிருக்கும்."

இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தாள். பார்வைக் கோபுரத்தின் படிகளைக் கண்டதும் நின்றுவிட்டாள். முட்டி வலி. ஏறக்கூடிய வயதில் அவளை நான் அழைத்து வரவில்லை.

"நான் இங்க வந்ததே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியுமே. திருச்சி போயிட்டு வந்தாலே பத்து நாளு அதையே பேசுவீங்க. மலைக்குப் போயிட்டு சும்மா இருப்பீங்களா? ஏறுங்க. நம்ம வூடு தெரியுதான்னு பாத்துட்டு வாங்க."

ஏறினேன். கொல்லைகள் வானம்வரை விரிந்து கிடந்தன. வெகுநேரம் தேடிவிட்டு இறங்கினேன்.

"தெரியல. குன்னம் எந்தப் பக்கம்னே புரியல."

"இப்ப நம்புறேன், நெசமாவே மேல ஏறியிருக்கீங்கன்னு" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.