ஏழாவது இலக்கம்

அச்சகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘மீதி’. எந்த எண்ணைக் கண்டாலும் வகுத்துப் பார்த்து மீதியைச் சொல்லாவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கல்யாணத்தன்றே தேதியை வகுத்துக் காட்டியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

முப்பது வருஷமாக ரசீதுகளுக்கு எண் அடிக்கிற வேலை. அந்த மெஷினில் ஆறு சக்கரம். ஆறு இலக்கத்தைத் தாண்டாது. சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு. ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டும் அதில் இருந்தன, கடைசி 997. அத்தனையாலும் வகுத்தும் மீதி வந்தால் அந்த எண்ணும் பகா எண், எதற்கும் மசியாது. நோட்டு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்த எண் பகா எண். அப்பா திரும்பவில்லை. அண்ணனுக்கும் அதே கதி. வகுபடாத எண்ணோடு உள்ளே போனவருக்கு வெளியே வழியில்லை என்ற பயம் அன்றிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் மூக்கால் ‘ம்க்கும்’ என்று சிரித்தாள்.

அவளுக்கே குடல் அடைத்துக்கொண்டது. உடனே ஆபரேஷன் என்றார்கள். அட்மிஷன் எண் 1022117.

“சார், கையெழுத்துப் போட்டாச்சா? டாக்டர் காத்துக்கிட்டிருக்கார்,” என்றாள் நர்ஸ்.

“கொஞ்சம்தான் பாக்கி.”

படிவத்தின் முதுகில் வகுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் மீதி. 997-இல் மீதி 192. அப்படியானால் பகா எண்தான்.

“அந்த நோட்டைக் குப்பையில போட்டுட்டுக் கையெழுத்தப் போடுங்க. வலி தாங்கல,” என்றாள் மனைவி.

“இந்த நம்பர் வேணாம்மா. வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வேற நம்பர்ல வருவோம்.”

டாக்டர் கத்தித் தீர்த்தார். இவர் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரி போக வண்டி வந்து நின்றபோது அவள் இல்லை.

மயான ஆபீஸில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். உச்சி வெயிலில் வீட்டு வாசலில் நின்று சாவியைத் துழாவியபோது சீட்டும் கூடவே வந்தது. எண் 1013. பாழாய்ப்போன பழக்கம், கண் கதவுக்குப் போனது. கதவுத் தகட்டில் வீட்டு எண் 1009. அது பகா எண் என்று குடிவந்த அன்றே கண்டுபிடித்தவர்தான். மெஷினுக்குத் தேவைப்படாததால் நோட்டில் எழுதவில்லை.

இரண்டையும் பெருக்கினார். 1022117. அவளுடைய அட்மிஷன் எண்.

ஆறு இலக்கத்துக்குத்தான் 997 போதும். இது ஏழு இலக்கம். இன்னும் ஒரே ஒரு எண்ணால், தன் வீட்டு எண்ணால், வகுத்திருந்தால் தீர்ந்திருக்கும், அவள் பிழைத்திருப்பாள்.

“மீதி வரலம்மா,” என்றார் கதவிடம். “இப்ப கையெழுத்துப் போடறேன்.”

பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ‘ம்க்கும்’ என்று சிரிப்பு வந்தது.