பதினோராம் எண் சுவர்

அக்கா, நேற்று வீடியோ காலில் நீ கேட்டாய், ஏன்டா சாதத்தைக் கரண்டியால் சாப்பிடுகிறாய் என்று. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன். வலது கை ஆள்காட்டி விரலை வாய்ப்பக்கம் கொண்டுபோனாலே எனக்குக் குமட்டுகிறது. இரண்டு நாளில் ஒரு சோப்புக் கட்டி முழுவதும் தீர்ந்துவிட்டது.

அந்த விரலால் போனைத் தொடவும் பிடிக்கவில்லை. அதனால் பேசுகிறேன், அதுவே எழுதிக்கொள்கிறது. நான் குடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை. தூங்கிக்கொண்டும் இருக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது நடந்தது. லேசர் மெஷினில் நேரம்கூடப் பதிவாகியிருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இதை வாசித்துக் காட்டாதே.

கெலாங் பாத்தா என்ற இந்த ஊரில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் எங்கள் பட்டறை. வீடுகளின் சின்ன மாடல் செய்து கொடுக்கிறோம். என் வேலை சுவர் வரைவது. ஒரு வீட்டை அக்கு அக்காகப் பிரித்து, ஒவ்வொரு சுவரையும் தரையில் படுக்கவைத்த மாதிரி கம்ப்யூட்டரில் தட்டையாக வரைய வேண்டும். சிவப்புக் கோடு போட்டால் லேசர் வெட்டும். கறுப்புக் கோடு போட்டால் மேலாகச் சுரண்டும். மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்தில் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். மறந்தால் வீடு மூடாது. வந்த புதிதில் நான் மறந்து ஒரு பங்களாவையே கோணலாக்கினேன். கூட வேலை செய்யும் லோஷினி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த வேலை பிரேமளா மேடம் கொடுத்தது. அவருடைய அப்பா அம்பிகைபாகனுக்கு வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டாவது பிறந்தநாள். குளுவாங்கில் அவர்கள் இருந்த பழைய வீட்டை இடித்து இரண்டு வருடம் ஆகிறது. அதை மாடலாகச் செய்து பரிசாகக் கொடுக்க வேண்டும். பழைய பிளானும் ஏழு போட்டோவும் கொடுத்திருந்தார். இருபதில் ஒரு பங்கு அளவு. மொத்தம் பதினான்கு சுவர். பதினோராம் எண், பின்னறையின் பின்சுவர். பிளானில் ‘ஸ்டோர்’ என்று இருந்தது. ஜன்னல் இல்லை. போட்டோவிலும் வெறும் சுவர்தான்.

முதலாளி குகநாதன் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது என் மேஜையைத் தட்டினார்.

“செல்வா, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மாடல் அவங்க வீட்ல இருக்கணும். கொடுத்துட்டு வந்து உன் பெர்மிட் ஃபார்ம்ல சைன் வைக்கிறேன். சொதப்புன, ஃபார்ம் என் மேஜை லாச்சிலயே தூங்கும்.”

“சரி பாஸ்.”

“சரின்னு சொல்லித்தான் அந்த பங்களாவையும் கோணலாக்குன.”

என் வேலை பெர்மிட் இன்னும் பதினோரு நாளில் முடிகிறது. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டில் நான் மலேசியாவில் இருக்கிறேன் என்பதை வைத்துத்தான் பேச்சு நகர்கிறது என்று நீதானே சொன்னாய்.

ஆறு மணிக்குள் பதின்மூன்று சுவரை வெட்டிவிட்டேன். லோஷினி ஒவ்வொன்றாக ஒட்டி நிறுத்திவிட்டாள். பலகை தீர்ந்து ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். பதினோராம் சுவருக்குச் சரியாகப் போதும். அது மட்டும் பாக்கி. மேஜை மேல் வீடு நின்றது. பின்னறை மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருட்டாக இருந்தது.

6.20. லோஷினி ஹெல்மெட்டை எடுத்தாள்.

“நான் போறேன் லா. தனியா பயமா இருந்தா ரேடியோ போட்டுக்கோ.”

“எனக்கென்ன பயம்?”

“அளவு தப்பிடும்னுதான், வேற என்ன!”

அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு மழை பிடித்தது.

6.41. பதினோராம் சுவரை வரைந்து முடித்தேன். நீளம், உயரம், மூலையில் கோத்துக்கொள்ளும் பற்கள். அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன் திரையில் ஒருமுறை காட்டும். பார்த்தேன்.

சுவரில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது.

அகலம் பதினெட்டு மில்லிமீட்டர். உயரம் பன்னிரண்டு. ஜன்னல் இருக்கும் உயரத்தில் இல்லை. கீழே, தரையை ஒட்டி. நிஜ வீட்டில் என்றால் முழங்காலுக்கும் கீழே வரும். சமையலறையின் காற்றுத் துவாரத்தைத் தெரியாமல் காப்பி செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அழித்தேன்.

6.49. மறுபடி பார்த்தேன். அதே கட்டம். அதே இடம்.

அழித்தேன்.

7.02. இப்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டம். இப்படிக் கோடு இரட்டித்தால் லேசர் அதே இடத்தை இரண்டு முறை சுடும், கருகிவிடும். புது ஃபைல் திறந்தேன். முதலிலிருந்து வரைந்தேன். எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

7.14. பலகையை மெஷினில் வைத்து மூடியை இறக்கினேன். ஸ்டார்ட் அழுத்தினேன்.

லேசர் எப்போதும் உள்ளே இருக்கும் ஓட்டைகளைத்தான் முதலில் வெட்டும். வெளிக்கோடு கடைசியில். அப்படித்தான் நாங்கள் வைத்திருக்கிறோம். ஓட்டையே இல்லாத சுவருக்கு அது நேராக ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும்.

போகவில்லை.

கீழே வந்தது. தரையை ஒட்டி நின்றது. ஸ்ஸ்ஸ்... என்று சின்னதாக ஒரு சுற்று சுற்றியது. நான் சிவப்பு பட்டனை அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. நான்கு வினாடி. அப்புறம் பட்டனுக்கும் நிற்காமல் ஓரத்துக்குப் போய் வெளிக்கோட்டை வெட்டியது.

பிறகு வாடை வந்தது.

பலகை எரிந்தால் விறகும் பசையும் கருகும் வாடை வரும். பழகிய வாடை. இது வேறு. முதலில் முடி பொசுங்குவது போல. அதற்கடியில் ஊசிப்போன சோறு. அதற்கும் அடியில் மூத்திரம்... பல நாள் துவைக்காத படுக்கையில் ஊறிப்போன மூத்திரம். புகை இழுக்கும் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாடை குறையவில்லை. நாக்கில் படிந்தது.

7.17. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மூடியைத் திறந்தேன்.

வெட்டிய கோட்டில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. பலகையின் பசை உருகியிருக்கும் என்று துணியால் துடைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுப்பாக நூல் நூலாக வந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தேன்.

நூல் இல்லை. முடி. நரைத்த, நீள முடி.

துணியைக் கீழே போட்டேன். ஆனாலும் என் மனதில் ஓடியது ஒன்றுதான்... வேறு பலகை இல்லை. காலை பத்து மணி. ஃபார்ம்.

வெட்டிய சின்னத் துண்டு விழாமல் ஓட்டையிலேயே நின்றது. ஆள்காட்டி விரலால் அழுத்தினேன்.

மெத்தென்று இருந்தது.

இன்னும் அழுத்தினேன். துண்டு விழுந்தது. விரல் முதல் கணு வரை உள்ளே போனது.

அடியில் கம்பி வலை மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஈரம்.

சூடு.

ஒரு நாக்கு...

அக்கா, அது நாக்குதான். சொரசொரப்பாக, அவசரமாக, விரலைச் சுற்றி நக்கியது. நகத்துக்கு அடியில் நுழைந்து தேடியது. சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

இழுத்தேன். வரவில்லை.

இன்னொரு முறை நக்கியது.

விட்டுவிட்டது.

கழுவும் தொட்டியில் போய் வாந்தி எடுத்தேன். மதியம் சாப்பிட்டது எல்லாம் வந்தது. சோற்றைப் பார்த்ததும் மறுபடி வந்தது. 7.31க்குத் திரும்பி வந்து சுவரைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை. கம்பி வலைத் தட்டு. அதில் அந்தச் சின்னத் துண்டு. அது மட்டும் எச்சிலில் நனைந்திருந்தது.

8.06. முதலாளி மாடலைப் பார்க்க நனைந்துகொண்டே திரும்பி வந்தார்.

“அலமாக்! என்னடா வாடை இது? எலி செத்துக் கிடக்கா?”

சுவரைக் காட்டினேன்.

“யாரு உன்ன ஓட்டை போடச் சொன்னா?”

“நான் போடல பாஸ்.”

“அப்ப பேய் வந்து வரைஞ்சிச்சா?”

அவர் பலகை அடுக்கைப் பார்த்தார். காலி.

“வெட்டுன துண்டு இருக்குல்ல? திருப்பி வெச்சு ஒட்டு. மேல பட்டி தடவித் தேய்ச்சு பெயின்ட் அடிச்சுரு. ஒரு பயலுக்கும் தெரியாது.”

“பாஸ்... நீங்க ஒட்டுறீங்களா?”

“பெர்மிட் எனக்கா, உனக்கா?”

முதலில் சுவரை வீட்டில் பொருத்தினேன். பின்னறை மூடிக்கொண்டது. பிறகு அந்த ஈரத்துண்டைக் கவ்வியால் எடுத்து, பசை தடவி, ஓட்டையில் வைத்தேன். பசை இறுக முப்பது வினாடி பிடிக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு எண்ணினேன்.

பதினொன்றில் உள்ளேயிருந்து ஒரு தள்ளு.

மெதுவாக.

பதினாறில் இன்னொன்று.

இருபத்திரண்டில்... பலமாக.

முதலாளி போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். முப்பது. நாற்பது. அறுபது வரை எண்ணினேன்.

அப்புறம் பட்டி தடவினேன். 8.40க்குப் பெயின்ட் அடித்து முடித்தேன். சுவர் சுத்தமாக, அழகாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜோகூர் பாருவில் பிரேமளா மேடம் வீட்டில் மாடலை இறக்கினோம். ஹால் நிறைய சொந்தக்காரர்கள். பெரியவரை சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். அவர் வாசலைப் பார்க்கவில்லை. முன்னறையைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பின்பக்கம் திருப்பச் சொன்னார். குனிந்து, பதினோராம் சுவரின் அடியில் விரலை வைத்தார். சரியாக அந்த இடத்தில்.

“அடைச்சிட்டீங்களா? நல்லது.”

“அப்பா, அங்க ஒண்ணும் இல்லப்பா. அது ஸ்டோர் ரூம்” என்றார் மேடம்.

“ஸ்டோர் ரூமா? உன் அத்தை செல்லம் இருந்த ரூம்மா அது. நீ பொறக்கறதுக்கு முன்னாடி.”

பெரியவர் சுவரிலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்.

“அவளுக்குப் புத்தி சரியில்ல. கதவைத் திறந்தா ஓடிருவா. கீழ ஒரு ஓட்டை போட்டு அது வழியாத்தான் தட்டை உள்ள தள்ளுவோம். கைய விட்டா போதும், நக்க ஆரம்பிச்சிருவா. விடமாட்டா. ச்சை! எத்தனை சோப்பு போட்டாலும் போகாது.”

“அப்பா, போதும்ப்பா.”

என் வாய் தானாகக் கேட்டது.

“எப்ப அடைச்சீங்க ஐயா?”

அவர் என்னைப் பார்த்தார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“எனக்குப் பொண்ணு கொடுக்கறவங்க வீடு பார்க்க வர்றதா இருந்தாங்க. வாடை வேற. வியாழக்கிழமை சாயந்தரம் நானே செங்கல் வெச்சுப் பூசிட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் தட்டிக்கிட்டுத்தான் கெடந்தா.”

யாரோ சட்டென்று பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் கேக்கில் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலில் ஒட்டிய கிரீமை ஒரு பொட்டு விடாமல் நக்கினார். நான் வெளியே போய் செருப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வேனில் முதலாளி என் ஃபார்மில் கையெழுத்துப் போட்டார். வழியிலேயே பெர்மிட் ஏஜென்ட்டிடம் கொடுத்தார்.

இன்று காலை 9.10க்கு மேடம் போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“குகன், அந்த மாடலுக்குள்ள டக் டக்னு ஒரே சத்தம். பூச்சி கீச்சி இருக்கா?”

“பலகை காயுது மேடம். ரெண்டு நாள்ல அடங்கிடும்.”

போனை வைத்ததும் கேட்டேன்.

“பாஸ், நான் போய் அந்த ஓட்டையைத் திறந்து பார்த்துட்டு வரட்டா?”

“பைத்தியமா உனக்கு? டெலிவரி பண்ண மாடல்ல கை வெச்ச, ஏஜென்ட்டுக்கு ஒரே போன்தான். ஃபார்ம் திரும்பி வந்துரும்.”

“சரி பாஸ்” என்றேன்.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

பெர்மிட் செவ்வாய்க்கிழமை வரும்.