அம்மன் கேட்ட மீ கோரேங்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தொன்பது வயதில்தான் எழுதக் கற்றேன். காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து இங்கே முகநூலில் போடுகிறேன்.

பேத்திக்கு அம்மை. மகள் வேலைக்குப் போய்விட்டாள். இன்று நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறோம். வீட்டில் தாளிப்பதில்லை, பொரிப்பதில்லை. பிள்ளை இரண்டு நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. கண் உள்ளே போய்விட்டது.

"மீ கோரேங் வேணும் தாத்தா," என்றாள். கடையில் உறைப்பாகப் பிரட்டித் தரும் நூடுல்ஸ், அவளுக்கு உயிர்.

"அம்மன் வந்திருக்காங்கம்மா. கூடாது."

"எங்க வந்திருக்காங்க?"

"உன் உடம்புலதான்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப மீ கேக்கறது அவங்கதான்லா!"

டாக்டரும் பிடித்ததைக் கொடுக்கத்தான் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுச் சீன அக்காவிடம் சொல்லி, கீழ்த்தளக் கடையில் உறைப்பில்லாமல் ஒரு பொட்டலம் வாங்கிவரச் செய்தேன். கடையில் பிரட்டினால் அது நம் வீட்டில் பிரட்டியதாகாதே!

முழுவதையும் சாப்பிட்டாள். இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் சொறியாமல் தூங்குகிறாள்.

மகள் ஐந்து மணிக்கு வருவாள். அம்மை கண்டபோது மீ சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் அதற்குள் கீழே எழுதுங்கள். எனக்குச் சாட்சி வேண்டும்.