ஸ்டெல்லா அக்கா மூச்சு வாங்கிய இடம்

ஜெபக்கூட்டத்தில் பிறர் சாட்சி சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது என்று ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வயிற்றில் இருந்த கட்டி கரைந்தது என்று இன்னொருத்தி சொல்வாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் கைதட்டுவேன். உள்ளுக்குள், 'இவளுக்குக் கேட்ட காது எனக்கு மட்டும் ஏன் ஆண்டவரே கேட்கவில்லை' என்று சண்டை போடுவேன். இன்றைக்கு நம் தெருக் குடும்பங்கள் கூடுகிற இந்த அன்பியத்தில் என்னையே சாட்சி சொல்லச் சொல்லிவிட்டீர்கள். கேட்டு உங்களில் யாருக்காவது வயிறு எரிந்தால், உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோசி. ராயபுரத்தில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் சேவியர், எண்ணூர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை, நிக்சன். மூன்று வயதாகியும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பயந்தால், தெருமுனையில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்துக்கு முதல் ஆளாக ஓடுவான். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்றார்கள். இது மருந்து கொடுத்து மாற்றுகிற நோய் இல்லை, பயிற்சி கொடுத்தால் பிள்ளை முன்னேறுவான் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு ஆட்டிசம் என்ற முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. பஸ்ஸில் வரும்போது அவனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அழுதேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பக்கத்தில் போன லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பெரம்பூரில் ஒரு தெரபி சென்டரில் சேர்த்தோம். பேச்சுக்கு ஒரு மேடம், கை கால் பழக்கத்துக்கு இன்னொரு மேடம். ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாகக் கட்டணம். என் கழுத்தும் கையும் சீக்கிரமே வெறிச்சென்று ஆகிவிட்டன. அதுகூட வலிக்கவில்லை. அங்கே வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வலிக்கும். எங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளை ஒரு நாள் "தண்ணி" என்று கேட்கும். எல்லா அம்மாக்களும் எழுந்து கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். தட்டிவிட்டு நிக்சனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

வெளியூர்ப் பொறாமை அது. உள்ளூர்ப் பொறாமை என் வீட்டுக்கு எதிரிலேயே குடியிருந்தது. ஸ்டெல்லா அக்கா.

அக்காவுக்குச் சொந்த வீடு, அதற்கு மேல் ஒரு மாடி. எனக்கு அதெல்லாம் பெரிசில்லை. அவளுடைய மகள் ஜெனிட்டாவும் என் நிக்சனும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். அந்தப் பெண் வாயைத் திறந்தால் மூடாது. காலையில் எழுந்ததிலிருந்து "அம்மா, அம்மா" என்று தெருவே கேட்கும்படி கத்தும். ஒரு நாள் அக்கா வாசலில் நின்று என்னிடமே அலுத்துக்கொண்டாள். "இன்னா பொண்ணு ரோசி இது! அம்மா அம்மானு உசுர வாங்குது. காது வலிக்குதும்மே." நான் சிரித்து வைத்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மாதா படத்துக்கு முன்னால் நின்று, "அவளுக்குக் காது வலிக்கிறதாம், கேட்டீர்களா?" என்று கத்தினேன். அதுதான் அன்றைய ஜெபம்.

போன அக்டோபரில்தான் எல்லாம் நடந்தது. ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு எடுத்துப்போய் ஜெபமாலை சொல்வது நம் அன்பியத்தின் வழக்கம். முதல் நாளும் கடைசி நாளும் ஸ்டெல்லா அக்கா வீட்டில். எங்கள் வீட்டுக்கு முறை வந்தபோது, அன்பியத் தலைவி ஃப்ளோரா அக்கா தாண்டிப் போய்விட்டார்.

"ஒன் வூட்டுக்கு வாணாம் ரோசி. மணி அடிச்சா புள்ள மெரள்றான். பாவம், எதுக்கு அவன இம்ச பண்ணிகினு? மாதா எந்த வூட்ல இர்ந்தா இன்னா, எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்று என்றால் என் வீட்டில் வைக்க வேண்டியதுதானே? வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பிள்ளை மிரள்வான் என்பது உண்மைதான். ஆனால் மாதா என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்ல முடியாது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று.

அந்த வாரமே சேவியர் வண்டியை விட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்தார். "ரோசி, கோச்சிக்காத. ரெண்டு வருசமா அவன இஸ்துகினு அலையிற. ஒரு வார்த்த வந்துச்சா? இந்த மாசத்தோட தெரபிய நிறுத்திக்கலாம். என்னால முடியல."

"நிறுத்துனா கத்துகினதும் பூடும்யா" என்றேன். "இப்பதான் கூப்ட்டா பாக்குறான்."

"ஒரே ஒரு வார்த்த வரட்டும். லாரிய வித்தாவது கட்றேன்" என்றார். அந்த லாரி அவருடையது இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவருமே சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து என் ஜெபம் சுருங்கிவிட்டது. பேச வேண்டும், படிக்க வேண்டும், பெரிய ஆளாக வேண்டும் என்றெல்லாம் கேட்பதை விட்டேன். இந்த மாதம் முடிவதற்குள் ஒரு வார்த்தை. அவன் அப்பா காதில் விழும்படி ஒரே ஒரு வார்த்தை.

மாலையானால் எதிர் வீட்டில் ஜெபமாலை தொடங்கும். மாதா எந்த வீட்டில் இருந்தாலும், அக்கா தன் வீட்டிலும் தனியாக ஒரு ஜெபமாலை சொல்வாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஜெபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் வருகிற 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாது. 'திருவயிற்றின் கனியாகிய' என்று வரும்போது நின்றுவிடுவாள். நெஞ்சு கீச்சென்று சத்தம் போடும். மூச்சை இழுத்துக்கொண்டு பிறகுதான் 'இயேசுவும்' என்று தொடர்வாள். நம் ஊரில் ஜெபமாலை எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும். முன்னால் சொல்கிறவர் முடிப்பதற்குள் பின்னால் சொல்கிறவர்கள் ஆரம்பித்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுவோம். அதனால் அக்கா முன்னால் சொன்னால் எங்களுக்குப் பொறுமை இருக்காது. அவளைப் போலவே மூச்சு இழுத்துக் காட்டி நான் சேவியரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நிக்சன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரில் அக்காவின் குரல் வந்தது. 'திருவயிற்றின் கனியாகிய' என்று நின்றது. கீச்.

"ஏசு" என்றான் நிக்சன்.

மீன் கையிலிருந்து விழுந்துவிட்டது. பிரமை என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அடுத்த மணிக்கு வந்தாள், அதே இடத்தில் நின்றாள். மறுபடியும், தெளிவாக, "ஏசு".

அல்லேலூயா சொல்லியிருக்க வேண்டும், இல்லையா? முழங்காலில் விழுந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எரிந்தேன். பெற்றவள் நான். பால் கொடுத்தவள், பஸ் ஏறியவள் நான். "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று தொண்டை வற்றக் கேட்டவள் நான். என் பிள்ளையின் முதல் வார்த்தை எதிர் வீட்டுக்காரியின் குரலுக்கா போக வேண்டும்? அந்த வார்த்தையும் அம்மா இல்லை. இயேசுவைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

சேவியரிடம் சொன்னேன். "எங்க, சொல்லச் சொல்லு" என்றார். அவனை உட்கார வைத்து நானே ஜெபமாலை சொன்னேன், நன்றாகச் சத்தமாக, தடங்கலே இல்லாமல். நிக்சன் விளையாட்டு லாரியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். மறுநாளும் சொன்னேன். அக்கா கொளுத்துகிற அதே ரோஸ் நிற மெழுகுதிரியை வாங்கிக் கொளுத்தினேன். அவளுடையது வேளாங்கண்ணி ஜெபமாலை என்று அதே மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அவள் கட்டுவது போல நீலப் புடவைகூடக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாதாவுக்கு அவளைத்தான் பிடிக்கும் என்றால், நானும் அவளாகிவிடலாம் என்று ஒரு கணக்கு. பிள்ளை வாயே திறக்கவில்லை.

"ஒனக்கு ஏக்கம் ரோசி" என்றார் சேவியர். "அதான் காதுல கேக்குது." அவர் அன்பாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

மாதத்தின் கடைசி நாள் வந்தது. சுரூபம் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குத் திரும்பியது. அன்று சேவியருக்கு லோடு இல்லை. கெஞ்சி அழைத்துப் போனேன். மணி அடிக்க வேண்டாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டேன். நிக்சன் என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சேவியர் உள்ளே வராமல் கதவோரம் நின்றார்.

அக்காவுக்கு அன்று உடம்பு சரியில்லை. கையில் இன்ஹேலரோடு மூலையில் சாய்ந்திருந்தாள். ஃப்ளோரா அக்காதான் முன்னால் சொன்னார். குரல் கணீரென்று இருக்கும், வேகமும் அப்படித்தான். ஜெபமாலையின் முதல் பத்து மணி ஓடியே போய்விட்டது. நிக்சனிடம் அசைவில்லை. இரண்டாவது பத்தும் போனது. சேவியர் செருப்பைத் தேடுவது தெரிந்தது.

எனக்கு வேறு வழி இல்லை. எழுந்து நின்றேன். அந்த வீட்டில் ஒரு நாளும் முன்வரிசையில் உட்காராதவள், அக்கா ஜெபம் சொன்னால் உதடுகூட அசைக்காதவள், எல்லார் முன்பும் கைகூப்பினேன்.

"ஸ்டெல்லாக்கா, நீ சொல்லுக்கா."

"இன்னாமே, அவளுக்கே மூச்சு முட்டிகினு கீது" என்றார் ஃப்ளோரா அக்கா. ஜெபம் முடிந்ததும் கொடுக்க வைத்திருந்த கேசரி ஆறிக்கொண்டிருந்ததால் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"எனக்காவ இல்ல. எம்புள்ளைக்காவ. ஒரே ஒரு மணி சொல்லுக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது. உலகத்தில் யாரிடம் கையேந்தக் கூடாது என்று இருந்தேனோ, அவளிடமே கையேந்தி நின்றேன்.

அக்கா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தாள். மெதுவாக, திணறித் திணறி. 'திருவயிற்றின் கனியாகிய' என்று வந்து நின்றாள். கீச்சென்றது.

முந்தானைக்குள்ளிருந்து, "ஏசு."

யாரும் கைதட்டவில்லை. அக்கா கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். அடுத்த மணிக்குப் போனாள். மறுபடியும் "ஏசு". இந்த முறை அவன் முகத்தை வெளியே நீட்டி அக்காவின் வாயைப் பார்த்துச் சொன்னான். நான் கதவுப் பக்கம் திரும்பினேன். சேவியர் செருப்போடு உள்ளே வந்து நின்றிருந்தார். அதுவே அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் லோடு வந்தும் அவர் போகவில்லை. நிக்சனைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரம்பூருக்கு அவரே வந்தார். பேச்சு மேடத்திடம் நடந்ததைச் சொன்னோம். அந்த அக்கா எப்படிச் சொல்வார், சொல்லிக் காட்டுங்கள் என்றார். கேலி செய்து செய்து எனக்கு அது நன்றாகப் பழகியிருந்ததே. அக்காவைப் போலவே இழுத்து, நின்று, மூச்சு வாங்கிக் காட்டினேன்.

நிக்சன் என்னைப் பார்த்து "ஏசு" என்றான். என்னைப் பார்த்து.

மேடம் சிரித்தார். "இத்தனை நாளா நான் சொன்னது இதுதாம்மா. பாதி சொல்லிட்டு வாய மூடிட்டுக் காத்திருங்க. தெரிஞ்ச வரி பாதியில நின்னா, மீதிய அவனா முடிப்பான். நீங்க கேள்வியையும் கேட்டு பதிலையும் நீங்களே சொல்லிடுறீங்க." உண்மை. "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று நான் ஓடிய ஓட்டத்தில், அந்தப் பிள்ளை வாய் திறக்க எங்கே இடம் இருந்தது? அக்காவின் வியாதிதான் அவனுக்கு இடம் விட்டிருக்கிறது. அவள் மாடியும் இல்லை, மெழுகுதிரியும் இல்லை.

வீட்டிலேயே இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும், மீதியை நான் சொல்லித்தருகிறேன் என்றார் மேடம். ஒரு வகுப்புக்குச் சேவியரின் சம்பளம் தாங்கும். தெரபி இன்றுவரை நிற்கவில்லை. மாலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அவனோடு உட்காருகிறாள். 'ஏசு' போய் 'பஸ்' வந்தது, 'தோசை' வந்தது, 'லாரி' வந்தது. அக்காவை 'டெல்லா' என்று கூப்பிடுகிறான். கேட்கும்போது இன்னும் எனக்குச் சுருக்கென்கிறது. பொறாமை போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இந்த வருடம் அக்காவுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். வீசிங் குறைய வேண்டும் என்று தினமும் ஜெபித்தவள் நான். அக்கா பெயரைச் சொல்லி நான் நல்லது கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குறைந்தும்விட்டது. இப்போது அவளும் உங்களைப் போலக் கடகடவென்று ஓடுகிறாள். அதனால் எங்கள் வீட்டு ஜெபமாலையில் நிறுத்திக் காத்திருப்பது என் வேலையாகிவிட்டது.

என்னைப் போல எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்க முடியாமல் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இருப்பீர்கள். மனதைக் கழுவிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மாதாவிடம் போக வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள். எரிச்சலோடே போங்கள், சண்டை போடுங்கள். ஆனால் கேட்டுவிட்டு, தயவுசெய்து கொஞ்சம் வாயை மூடுங்கள். நாம் விடாமல் பேசிக்கொண்டிருந்தால் அவர் எந்த இடத்தில் பதில் சொல்வார்?

நிக்சன் இன்னும் 'அம்மா' என்று சொல்லவில்லை. தினமும் சாப்பாடு ஊட்டும்போது, "நிக்சனுக்குச் சோறு ஊட்டுறது யாரு?" என்று கேட்டு நிறுத்துகிறேன். அவன் என் வாயைப் பார்க்கிறான். பதிலை நான் சொல்வதில்லை.