பெயர் வேண்டாம் என்றவர்

எங்கள் குடும்பத்தில் அத்தைக்கு "மேலிடம்" என்று பெயர். தன் தங்கைக்கு அப்பா வைத்தது. தாத்தா போக்குவரத்துக் கழகத்தில் தட்டச்சராக இருந்தார். ஒருநாள் அவருடைய அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மேலிடத்து உத்தரவு" என்றுதான் பதில் வந்தது. பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்ற அத்தை, "மேலிடம்னா யாருப்பா? அவங்களுக்கு மேல யாரு?" என்று கேட்டாளாம். கழகத்துக்கு மேலே அமைச்சகம், அமைச்சகத்துக்கு மேலே நிதித்துறை, அதற்கும் மேலே நாட்டுக்கே கடன் கொடுக்கும் ஏதோ ஒரு நிறுவனம், எங்கேயோ கடல் தாண்டி. தாத்தாவுக்கு அவ்வளவுதான் தெரியும். மீதிப் படிகளை ஏறிப் பார்க்கப் போன அத்தை இன்றுவரை இறங்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய பாடம் அந்த நிறுவனம்தான். அது எப்படி முடிவெடுக்கிறது என்பதை மட்டுமே ஆராய்ந்தாள். அங்கே இயக்குநர்கள் யாரும் கை தூக்கி வாக்களிப்பதில்லை. "அனைவருக்கும் உடன்பாடு என்று கொள்கிறேன்" என்று தலைவர் சொல்வார். யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஒரு நாட்டின் தலைவிதி முடிந்துவிடும். கூட்டக் குறிப்புகளில் "சிலர்" என்றால் எத்தனை பேர், "பலர்" என்றால் எத்தனை பேர் என்பதற்கு அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. அதை முதலில் வெளியே சொன்னது அத்தை. சமையலறையில் நின்று, "உப்பு கம்மின்னு சிலர் கருதுகிறார்கள்" என்று அப்பா கிண்டல் செய்வார். "சிலர்னா நீ மட்டும்தானே? அப்ப அது ‘ஓர் இயக்குநர்’" என்பாள்.

வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அத்தை வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல்கூடக் கூட்டக் குறிப்புகள் கிடக்கும். அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சட்டை துவைக்க வேண்டும்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த புத்தகத்தில் குறிப்புகளைவிடப் பேச்சு அதிகம். நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தாள். எல்லோரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள்: பெயர் வேண்டாம். அத்தை அந்த வாக்கைக் காப்பாற்றினாள். பெயர் இல்லை, பதவி இல்லை, துறை இல்லை. "ஒரு மூத்த அதிகாரி", அவ்வளவுதான். அப்படி ஒரு மூத்த அதிகாரி சொன்ன வரி மட்டும் புத்தகத்தைத் தாண்டி ஓடியது. வகுப்பறைகளில் சொன்னார்கள், பத்திரிகைகளில் எடுத்துப் போட்டார்கள்.

"நிபந்தனைன்னு நாங்க சொல்லவே மாட்டோம். ‘உங்க விருப்பம்’னுதான் சொல்லுவோம். மாமியார் வீட்ல ‘இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க மாப்ளே’ன்னு சொல்ற மாதிரி. வேண்டாம்னு சொல்லிப் பாருங்க, தெரியும்."

புத்தகம் வந்த மறுவருஷம் ஒரு கருத்தரங்கில், நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அது நம்ம மாப்பிள்ளை சொன்னதுதானே? படிச்சதும் எங்க மாடியே சிரிச்சுது." அத்தை முழித்தாள். ஆண்டுக்கணக்காக அதே வேடிக்கையைச் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லிச் சொல்லியே அந்த மனிதருக்கு அலுவலகத்தில் மாப்பிள்ளை என்று பெயர் விழுந்திருந்தது. "பாவம், உங்க புத்தகம் வந்ததும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. மறுசீரமைப்புன்னு காரணம் எழுதினாங்க. அவனே எத்தனை நாட்டுக்கு எழுதின வார்த்தை!" என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாப்பிள்ளையைத் தேடவுமில்லை. பேராசிரியர் ஆனாள், துறைத்தலைவர் ஆனாள். அந்த வரியை மேடையில் யாராவது எடுத்துச் சொன்னால் தண்ணீர் குடிப்பாள். அது எனக்கு முன்பே தெரியும், காரணம்தான் தெரியாது. போன வருஷம் பதிப்பாசிரியர் வீட்டுக்கு வந்து, புதிய பதிப்பின் பின்னட்டையில் அந்த வரியைப் பெரிதாகப் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"அவர்கிட்ட கேக்கணும். நீ கூட வர்றியா? தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இத்தனை வருஷம் அதைச் செய்யாதது அதனால்தான் இன்னும் உறுத்தியது போலிருக்கிறது.

மூன்றாவது மாடி. கதவுக்கு வெளியே நிறையச் செருப்புகள். அவர் இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கியல் பாடம் எடுக்கிறார். கதவைத் திறந்த அவர் மனைவியிடம் அத்தை தான் யாரென்று சொன்னதும், அந்த அம்மா "ஓ. புத்தகம்" என்றார். வேறெதுவும் சொல்லாமல் பிள்ளைகளை அனுப்பிவிட்டு எங்களை உட்கார வைத்தார்.

அவர் வந்து எதிரே அமர்ந்தார். "நல்லா இருக்கீங்களா மேடம்? உங்களுக்கு முடி நரைச்சிருக்கு. எனக்கு அந்தப் பிரச்சினையே இல்ல" என்று வழுக்கையைத் தடவிக்காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"நான் பேர் போடலை சார்," என்றாள் அத்தை. "எந்த மாடின்னுகூடப் போடலை."

"ஆமா. எல்லாத்தையும் மறைச்சீங்க. என் வாயை மட்டும் விட்டுட்டீங்க."

"அது இவர் வாயும் இல்ல," என்றார் மனைவி. "நான் சொன்னது. கல்யாணமான புதுசுல எங்கம்மா பரிமாறப் பரிமாற இவர் முழிச்ச முழியைப் பாத்துட்டுச் சொன்னேன். இவர் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய் வித்துட்டார். வேலை போனப்புறம் நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்னு கிடந்து தவிச்சேன். வீட்ல சிரிச்சுப் பேசவே பயம். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம்ல, இதுல உன் தப்பு ஒண்ணுமில்லம்மான்னு?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா அழவில்லை. பக்கத்து மேசையில் பிள்ளைகள் விட்டுப்போன பேனாக்களைப் பொறுக்கி ஒரு குவளையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

அத்தை ஒருவழியாக விஷயத்துக்கு வந்தாள். "மறுபதிப்பு வருது. அட்டையில அந்த வரியைப் போடணுங்கறாங்க. நான் சரின்னு சொல்லலை. இருக்கட்டுமா, எடுக்கட்டுமா? எதுன்னாலும் உங்க விருப்பம் சார்."

"எடுத்துடுங்க."

அத்தை அந்தப் பதிலுக்குத் தயாராக வந்திருக்கவில்லை. 'பரவாயில்லை மேடம், பழைய கதை, இருந்துட்டுப் போகட்டும்' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கிறாள். அது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"பாத்தீங்களா? உங்க விருப்பம்னு சொன்னீங்க. வேண்டாம்னதும் முகம் சுருங்கிடுச்சு." குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நான் ஒருத்தன்தானா உங்ககிட்ட பேசினேன்? மத்தவங்களைக் கேட்டீங்களா?"

அத்தை யாரையும் கேட்டிருக்கவில்லை. தேநீர் வந்தது. மறுக்கத் தைரியமில்லாமல் இரண்டு பேரும் குடித்தோம்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அத்தை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள். புத்தகத்தில் அவரவர் சொன்னதை வாசித்துக்காட்டி, வைக்கலாமா என்று கேட்பது. அதுதான் ஏற்பாடு. முதலாமவருக்கு அத்தையையே நினைவில்லை. இரண்டாமவர் இறந்துவிட்டிருந்தார். அவர் மகள், "அப்பாவா இப்படிச் சொன்னார்? வீட்ல வாயே திறக்க மாட்டாரே! கண்டிப்பா வைங்க, இன்னொரு தடவை படிங்க" என்றாள். அத்தை இன்னொரு தடவை படித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்குக்கூட ஒரு தோசை வார்த்துப் போட்டாள்.

மூன்றாமவர் இன்னும் நிறுவனத்திலேயே இருந்தார். பெரிய பதவி. அத்தையிடம் இருந்தது அலுவலக எண் மட்டும்தான். எடுத்தவர் "சொல்லுங்க" என்றதும் அத்தை மடமடவென்று ஆரம்பித்துவிட்டாள். இந்த மாதிரி விஷயத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னால் தைரியம் போய்விடும் என்று பயந்திருப்பாள். தன் பெயர், புத்தகத்தின் பெயர், அன்றைக்கு நீங்கள் சொன்னது இதுதான் என்று ஒரே மூச்சில் வாசித்தும் விட்டாள்: "ஒரு நாட்டுக்கு ஆய்வுக்குப் போறதுக்கு முன்னாடியே அறிக்கையோட முடிவுரையை எழுதிடுவோம். போறது அதுல கையெழுத்து வாங்கத்தான்."

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது அவரல்ல.

"மேடம்," என்றார் அவர், மிகவும் மரியாதையாக. "கூட்டத்துல இருக்கோம். ஸ்பீக்கர்ல இருக்கீங்க."

இணைப்பு போய்விட்டது. அத்தை அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாமல் தட்டைக் கழுவப் போனேன். வெகுநேரம் கழுவினேன்.

புதிய பதிப்பிலிருந்து எல்லாருடைய பேச்சையும் எடுத்துவிட்டாள். அந்த மகள் ஆசையாகக் கேட்டதையும் சேர்த்துத்தான். பதிப்பாசிரியர் சண்டை போட்டார். "உயிரை எடுத்துட்டு உடம்பை அச்சடிக்கச் சொல்றீங்க" என்றார். அத்தை "அப்படியே அச்சடிங்க" என்றாள். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்பினாள். இதுவரை பதில் இல்லை.

அந்தப் பெரிய அதிகாரிக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது.

"தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது விசாரிக்கட்டுமா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விசாரிச்சா? ‘ஏன் இவரை மட்டும் கேக்கறாங்க’ன்னு நினைப்பாங்க. கேக்கறதே காட்டிக்குடுக்கறதுதான்டா."

அதனால் கேட்கவில்லை. தினமும் காலையில் வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்து, அதிகாரிகள் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறாள். இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்றுதான் அதில் போடவில்லை.